வாடகை யந்திரமும் பங்குக் கிணறும்

ஒஸ்லோ, ஜனவரி 7

இரவு ஒன்பது மணிக்கு வடகோடி வாட்சோவிலிருந்து ஓர் அம்மையார் அழைத்து, "அண்ணை, உங்கட கடை திறக்குதில்லை, பொங்கலுக்கு முன்னம் பனங்கட்டி வந்து சேருமோ?" என்று கேட்டார். பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளுக்கு 1980களில் வேலை தேடி வந்த நம்மவரிற் பலர் பின்னர் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட, அங்கேயே தங்கிய குடும்பங்கள், நவம்பர் இறுதியில் மறைந்த சூரியன் பொங்கலன்றும் முகங்காட்டாத அவ்வூர்களில் அச்சூரியனுக்கே பொங்கிப் படைப்பதற்கு வேண்டிய பண்டங்களை எங்கள் இணையக் கடையில்தான் வாங்குகின்றன. திறந்து பார்த்தேன். கடை இருந்த இடத்தில் 503 என்ற எண்ணும், சேவை தற்போது கிட்டாது என்ற வாக்கியமுமே நின்றன. ஒடியல்மாவும் வறுத்த மிளகாய்த்தூளும் நிலவறையில் அடுக்கியபடி இருக்கின்றன.

ஜனவரி 8

காலையில் தானே திறந்துகொண்டது. காரணம் ஒருவரும் சொல்லவில்லை.

ஜனவரி 10

மருமகன் வந்து விளக்கினான். இந்நாட்டார் வெப்ஹொட்டல் என்று அழைக்கும் பங்கு வாடகை முறையில், ஒரே யந்திரத்தின் மூளையையும் நினைவகத்தையும் வட்டையும் நூற்றுக்கணக்கான தளங்கள் பகிர்ந்து வாழ்வதால், ஒரு தளத்தில் ஜனம் திரண்டால் மற்றவை தள்ளாடும் என்பதற்காக, நிறுவனம் ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை வகுத்திருக்கிறதாம். பொங்கற் பொதியைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் நாங்கள் அறிவித்த மாலையில் நம் கடை போய் முட்டியது அந்த எல்லையில். பொருட்களின் பக்கத்தை ஒருமுறை ஆக்கிவைத்து, வருவோர்க்கெல்லாம் அதன் பிரதியையே நீட்டலாம். ஆனால் கூடையும் வீப்ஸ் கட்டணப் பக்கமும் ஆளுக்கு ஆள் வேறாகையால் அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகவே ஆக்கவேண்டும். யந்திரம் களைத்துப்போவது அங்கேதான்.

தனி யந்திரம் எடுத்தால் முழுவதும் நமக்கே. இப்போது மாதம் 100 குரோணருக்கும் குறைவாகக் கட்டுகிறோம். தனி யந்திரத்துக்கு 1,000 தாண்டும்.

"அப்ப எடுப்பமே," என்றாள் மனைவி.

"எடுக்கலாம் மாமி. ஆனா பூட்டுப் போடுறது, ஓட்டை அடைக்கிறது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பிப் பாக்கிறது எல்லாம் மாமாதான்."

அறுபது வயதுக்குப் பின் இப்படியொரு காவல் உத்தியோகம் கிடைக்குமென்று எந்தச் சாதகத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஜனவரி 12

இன்று வேறொரு சஞ்சலம். ரசீது மின்னஞ்சல்கள் சிலருக்குப் போய்ச் சேரவில்லை. எங்களோடு ஒரே ஐ.பி. முகவரியில் குடியிருக்கும் யாரோ குப்பை அஞ்சல்களை வாரி இறைத்ததனால் அந்த முகவரியே கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டதாம்; அவர் முகத்தை நானறியேன், அவருக்கும் என்னைத் தெரியாது, ஆயினும் அவர் செய்த பாவத்தில் எனக்கும் பங்கு வந்து சேர்ந்திருக்கிறது. உலாவியானது தான் தேடிவந்த தளத்தின் பெயரைச் சொல்லியே கதவைத் தட்டவேண்டுமென்று 1997 இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதித்ததனால்தான், ஒரே முகவரியில் இத்தனை பேர் கூடிக் குடித்தனம் நடத்துவது இலகுவாயிற்று என்கிறான் மருமகன்.

பிற்பகல் லில்லஸ்ட்ரோமுக்குப் பொதி கொடுக்கப் போகையில் ஷெல்லரைக் கடந்தேன். அங்குள்ள நோர்சார் நிலையம் 1973 இலேயே அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் கணினி வலையோடு இணைந்தது. விலையுயர்ந்த யந்திரங்களைத் தூரத்திலுள்ளோரும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும் என்பதே அவ்வலையின் ஆதி நோக்கம். தனக்கென்று ஒன்று வேண்டுமென்ற ஆசை பின்னால் வந்தது.

ஜனவரி 15

பொங்கல். கடையை நினையாதிருக்கப் பிரயத்தனப்பட்டேன்.

ஜனவரி 20

ஊரிலிருந்து தமையனார் காணி விஷயமாய் நெடுநேரம் பேசினார். பெரியப்பா வழியினர் தம் பங்கை விற்கப் போகிறார்களாம். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் வடித்த தேசவழமைச் சட்டத்தின்படி பங்காளிக்கே முதலிற் சொல்லவேண்டுமென்று அவருக்கு ஒரே கோபம். உறுதியில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பங்குக் கிணற்றில் இறைப்பு முறைக்காக விடியற்காலையில் எழுந்த சண்டைகளைச் சகிக்கமாட்டாமல்தான் ஐயா கடன்பட்டு வளவுக்குள்ளேயே தனிக்கிணறு வெட்டினார். வெட்டி முடிந்த அன்று அவர் முகத்திற் கண்ட பெருமிதம் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் கீழே மழைநீரானது உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரே படலமாய்ப் பரந்து கிடக்க, அதைத்தான் எல்லாக் கிணறுகளும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒருவன் பம்ப் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடுத்த வளவில் தண்ணீர் உவர்க்கும். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்துள் இறங்கியபோது, பங்குக் கிணறென்றும் தனிக்கிணறென்றும் அது பேதம் பார்க்கவில்லை. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய் 2019 இலே தீர்ப்பாயிற்று.

இரவு மருமகன், ஸ்திராஸ்பூர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு நிலையமொன்று 2021 மார்ச் 10 ஆம் திகதி எரிந்த படங்களை அனுப்பினான். தனி யந்திரம் வைத்திருந்தவர்களும் அங்கே இருந்தார்கள். காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்த சிலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. படங்களை மனைவிக்குக் காட்டவில்லை.

ஜனவரி 23

உறைபனி. ஒரே ஒரு கட்டளை.

பெப்ரவரி 3

எதை எடுத்தாலும் பிரதியை வேறிடத்தில் வைப்பது என்ற மட்டில் வீட்டில் ஏகமனதாயிற்று. ரென்னசோய்த் தீவில், நேட்டோ ஆயுதம் வைத்திருந்த மலைக்குகை இப்போது பியோர்ட் நீராற் குளிரூட்டப்படும் தரவு நிலையமாயிருக்கிறது. எங்கள் மிளகாய்த்தூட் கணக்கு அங்கே போய் உறங்குமானால் அதைவிடப் பத்திரம் வேறென்ன வேண்டும்!

மற்றதில் பிணக்குத்தான். ஒரு யந்திரத்தை மென்பொருளாற் கூறுபோட்டு ஆளுக்கொரு நிச்சயமான பாகம் தரும் வி.பி.எஸ். என்னும் நடுவழியே உத்தமம் என்கிறான் மருமகன். அதுவும் பங்குதானே என்கிறாள் மனைவி. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்ச எல்லாரும் பனங்கட்டி கேட்பார்கள், அதற்குள் தீர்மானித்தாகவேண்டும். எங்கள் யந்திரத்தில் இப்போது எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருந்தேன். விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள்.