பத்தொன்பது கம்பிகள்

நண்பரின் யெஸ்டி மோட்டார் சைக்கிளில் கிளட்ச் ஒயர் அறுந்துவிட்டது. மைசூரில் அந்த வண்டியின் தயாரிப்பு 1996-இல் நின்றுபோனது. கடையில் வாங்கிய ஒயர் நீளம் சேரவில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் அளவு பார்த்துச் செய்துதரும் பாய் ஒருவர் இருக்கிறார் என்று என்னையும் அழைத்துப்போனார்.

உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் இடம். ஒரு வைஸ், அடுப்பு, ஈயம் உருகும் இரும்புக் கரண்டி, பட்டறைக் கல்லாக ஒரு தண்டவாளத் துண்டு.

பாய் பழைய ஒயர் ஒன்றை கட்டிங் பிளையரால் வெட்டிக் காட்டினார். முனை துடைப்பம்போல விரிந்தது. "பிளையர் வெட்டாது தம்பி, நசுக்கும். நசுக்கினா பிரி பிரியாப் போயிடும்." நடுவில் 1, அதைச் சுற்றி 6, வெளியே 12 என்று 19 கம்பிகளை முறுக்கிய ஒயர் அது. ஒவ்வொரு கம்பியும் நிமிரத்தான் பார்க்கும். ஒரு பிரி விலகினாலும் அவுட்டர் என்னும் வெளியுறைக்குள் நுழையாது. நுழைந்தாலும் உள்சுவரைச் சுரண்டும். உறைக்குள் ஒயர் வழுக்கி ஓடுவதை நம்பித்தான் எர்னஸ்ட் பௌடனின் 1896-ஆம் ஆண்டுக் காப்புரிமை முதல் இந்த ஏற்பாடு முழுதும் நிற்கிறது.

வெட்ட வேண்டிய இடத்தைப் பெட்ரோலால் துடைத்தார். துத்தநாகம் கரைத்த ஆசிட்டைத் தடவி, சுட்ட செப்புக்கோலால் அரை அங்குலத்துக்கு ஈயம் ஏற்றினார். ஈயம் கம்பிகளின் இடுக்கெல்லாம் இறங்கியதும் பத்தொன்பதும் ஒரே கம்பியாகிவிட்டன. அந்த ஈயத்தின் நடுவில் உளியை வைத்து ஒரே அடி. வெட்டுமுகத்தை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் குத்தவில்லை.

உளி லாரியின் வில்பட்டையில் அடித்தது, அவருடைய உஸ்தாத் கொடுத்தது. பன்னிரண்டு வயதில் வேலைக்கு வந்தவருக்கு முதல் இரண்டு வருடம் இதைச் சாணை பிடிக்கும் வேலை மட்டும்தானாம். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் இரண்டுமுறை கல்லில் தீட்டினார்.

அடுத்து அவர் செய்த அவுட்டர் வேலை எனக்குப் பிடிபடவில்லை. அதன்பின் ஒயர் முனையில் மாட்டும் குமிழான நிப்பிளைக் கோத்து முனையை மறுபடி சூடாக்கினார்; பிரியக்கூடாது என்று காத்த அதே கம்பிகளை நிப்பிளின் குழிக்குள் தானே விரித்து, கரண்டி ஈயத்தில் முக்கினார். விரிந்த தலை குழியில் ஆப்பாக இறுகுகிறது. அது விரியாவிட்டால் இழுவை முழுவதையும் ஈயம் மட்டுமே தாங்க வேண்டும்.

"கேஸ் நெருப்பு காட்டினா சீக்கிரம் ஆவுமே?" என்று கேட்டேன்.

"ஒயர் சிவந்தா செத்துப்போச்சு." இந்த ஈயம் 200 டிகிரிக்குள் உருகிவிடும், எஃகின் விறைப்பு அதில் குறையாது. ஒருமுறை வண்டலூர் தாண்டி என் வண்டியின் ஒயர் நிப்பிள் ஓரத்தில் அறுந்தது நினைவுக்கு வந்தது. அதை நெருப்புக் காட்டி ஒட்டியதை நானே நின்று பார்த்திருந்தேன்.

ஆர்டர் முன்கடைக்குத்தான் வருகிறது. விலை சொல்வதும் பணம் வாங்குவதும் கடைக்காரர். பாய்க்கு ஒயருக்கு இவ்வளவு என்று கூலி. ஈயப்புகையும் ஆசிட் நெடியும் அவர் நெஞ்சுக்கு. உளியைத் தொட்டே பார்க்காதவர் லாபத்தில் பெரும்பங்கு எடுக்கிறார். ஒயர் அறுந்தால் மட்டும் பாயின் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். இது அநியாயம். அளவு கொடுக்க நேரே போகிறவர்கள் கூலியையும் பாயின் கையிலேயே கொடுக்கலாம். நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம்.

ஆசிட் மிச்சமிருந்தால் துரு ஏறும் என்று முனைகளைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய் விட்டுத் தந்தார். பழைய ஒயரை நண்பர் குப்பையில் போடப்போனார். பாய் அதை வாங்கி, ஒரு சீட்டில் 'யெஸ்டி கிளட்ச்' என்று எழுதிக் கட்டி, ஆணியில் மாட்டினார்.