அரை இஞ்சு

போன மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து செம்பாக்கத்துக்குக் குடிவந்தேன். மூன்றாம் நாளே சமையலறைக் குழாய் மரை தேய்ந்து கையோடு கழன்று வந்துவிட்டது. மாடித் தொட்டியின் வால்வு எங்கிருக்கிறதென்று தெரியவில்லை. அப்பா துணியைச் சுருட்டி ஓட்டையில் அழுத்திக்கொண்டு, "அரை இஞ்சுக் குழாய்னு கேளுலே" என்றார்.

அப்பா தச்சராக இருந்தவர். இப்போது பெயர்களும் கிழமைகளும் அவரைவிட்டு நழுவத் தொடங்கியிருக்கின்றன. தனியே விடக்கூடாதென்றுதான் அழைத்துவந்தேன். ஆகவே அவர் சொன்னதை நம்பாமல், மரையின் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 21 மில்லிமீட்டர். அரை இஞ்சு என்றால் 12.7 அல்லவா?

வேளச்சேரி சாலையில் ஒரு ஹார்டுவேர் கடை. வாசலில் வாளிகளும் துடைப்பங்களும். உள்ளே டப்பா டப்பாவாக ஆணிகள். எனக்கு முன்னால் நின்றவர்கள் "மூணு நூல் போல்ட்டு பத்து", "ஒன்றரை இஞ்சு ஆணி கால் கிலோ" என்று கேட்டு வாங்கினார்கள். இஞ்சுக்கு எட்டு நூல். அப்பாவின் பட்டறையில் கேட்ட கணக்கு. நான் கற்றுக்கொள்ளாத கணக்கு. மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-இல் வந்தது. கிலோ கடைக்குள் வந்துவிட்டது; மீட்டர் இன்னும் வாசலில்தான் நிற்கிறது போலும்.

"முக்கால் இஞ்சுக் குழாய் ஒண்ணு" என்றேன். அண்ணாச்சி பழையதை வாங்கிப் பார்த்தார்.

"இது அரை இஞ்சு சார்."

"அளந்து பார்த்தேனே."

"வெளியில அளந்திருப்பீங்க. பேரு உள்துவாரத்துக்கு சார்."

பழைய இரும்புக் குழாய்களில் தண்ணீர் ஓடும் துளையை வைத்தே பெயரிட்டார்களாம். குழாயின் பொருளும் தடிமனும் பிறகு மாறின. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

"வீட்ல பெரியவங்க யாருமில்லையா?"

"அப்பா அரை இஞ்சுன்னுதான் சொன்னாங்க."

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. டெஃப்ளான் டேப்பு ஒன்றையும் சேர்த்து வைத்து, எந்தப் பக்கமாகச் சுற்றவேண்டும் என்று விரலால் காட்டினார்.

வீட்டில் அப்பா நனைந்த சட்டையோடு அப்படியே நின்றிருந்தார்.

"அரை இஞ்சுதானே?"

"ஆமாப்பா."

துணியை நான் வாங்கி அழுத்திக்கொண்டேன். அப்பா வெள்ளை நாடாவைப் பிரித்து மரையில் சுற்ற ஆரம்பித்தார். எந்தப் பக்கமென்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.