எண்ணப்படாத இருமல்

ஒவ்வொரு மழைக்காலத்திலும் "காய்ச்சல் பரவல் அதிகரிப்பு" என்று ஒரு செய்தி தவறாமல் வருகிறது. அதிகரித்தது என்று சொல்ல வேண்டுமானால் யாரோ எண்ணியிருக்க வேண்டும். யார் எண்ணுகிறார்கள்? யாருடைய இருமலை எண்ணுகிறார்கள்? இடஒதுக்கீட்டில் நிரப்பப்படாத பணியிடங்களைக் கணக்குக் கேட்பது போலவே, தோழர்களே, இதையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

2004இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம்தான் இந்தக் கணக்கின் அடிப்படை. கிராம சுகாதார செவிலியர் அறிகுறிகளைப் பதிவு செய்கிறார். மருத்துவர், தான் கணித்த நோயைப் பதிவு செய்கிறார். ஆய்வகம், சோதித்து உறுதியானதைப் பதிவு செய்கிறது. மூன்றும் மாவட்டம், மாநிலம் வழியாகத் தில்லிக்குப் போகின்றன. இன்னொரு பக்கம், தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில் நோயாளிகளின் மூக்கு, தொண்டைச் சளியை எடுத்து எந்த வைரஸ் என்று பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத காய்ச்சலும் இருமலும் 10 நாட்களுக்குள் தொடங்கியிருந்தால் அது இன்ஃப்ளூயன்சா போன்ற நோய். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனால் அது கடும் சுவாசத் தொற்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் இதன் தர்க்கம். நாட்டில் உள்ள ஒவ்வொரு இருமலையும் எண்ண முடியாது, எண்ணவும் தேவையில்லை. இந்த முறையால் கிடைத்த பலனையும் நாங்கள் மறுக்கவில்லை. ஸ்ரீநகரில் இன்ஃப்ளூயன்சா ஜனவரி முதல் மார்ச் வரையிலான குளிரில் உச்சம் தொடுகிறது, தில்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, சென்னையில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. ஆகவே நாடு முழுவதற்கும் ஒரே மாதத்தில் தடுப்பூசி போட்டால் பாதிப் பேருக்குப் பயன்படாது. இதை நமக்குச் சொன்னது கண்காணிப்புதான்.

ஆனால் பதம் பார்க்கும் சோறு எந்தப் பானையிலிருந்து எடுக்கப்படுகிறது?

நாங்கள் சிலர் ஒரு காலனியில் மாலை நேரப் பாடசாலை நடத்துகிறோம். சென்ற மழைக்காலத்தில் வகுப்புக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போனோம். பல வீடுகளில் காய்ச்சல். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையோடு படுத்திருந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான ஓர் அக்கா, "லீவு போட்டா சம்பளத்த புடிச்சிடுவாங்க, மாத்திரைய போட்டுக்கிட்டு போறேன்" என்றார். செவிலியரிடம் கேட்டோம். "நான் வர்ற நேரத்துக்கு எல்லாரும் வேலைக்குப் போயிடுறாங்க தம்பி" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். ஆக, மருந்துக் கடை வாசலோடு முடிந்துபோன அந்தக் காய்ச்சல்களுக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. மருத்துவமனைக் கதவை எட்டியவர்களைத்தான் அந்த வரைபடம் காட்டுகிறது.

சாதிவாரியாக எண்ணியபோது என்ன தெரிந்தது என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சான்று ஒன்று இருக்கிறது. 1918ஆம் ஆண்டின் பெரும் இன்ஃப்ளூயன்சா பம்பாயில் இறங்கியபோது, நகர சுகாதாரத் துறை இறப்புகளைச் சமூகவாரியாகப் பதிவு செய்தது. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர்களில் 8.3 பேரும், பார்சிகளில் 9 பேரும், சாதி இந்துக்களில் 18.9 பேரும் இறந்தார்கள். 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று அந்தப் பதிவு குறிப்பிட்ட நம் மக்களில் 61.6 பேர். அதே நகரம், அதே வைரஸ், சாதி இந்துக்களைப் போல மூன்று மடங்குக்கும் மேலான சாவு. வைரஸுக்குச் சாதி தெரியாதுதான். நெருக்கடியான குடியிருப்பும், அரை வயிறும், எட்டாத மருத்துவமும் சாதியைத் தெரிந்து வைத்திருந்தன.

இன்று? வாராந்திர நோய்க் கண்காணிப்பு அறிக்கைகளில் சாதிவாரி விவரம் வெளியாவதில்லை. தேசிய குடும்பநல ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடந்த இரண்டு வாரங்களில் சுவாசத் தொற்று அறிகுறி இருந்ததா என்று கேட்கிறது, சாதியையும் கேட்கிறது. ஆனால் அந்த ஆய்வு 2005-06, 2015-16, 2019-21 எனப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. வாரந்தோறும் எண்ணுகிற கணக்குக்குச் சாதி தெரியாது. சாதி தெரிந்த கணக்குக்குப் பருவம் தெரியாது.

அப்படியானால் புறநோயாளிச் சீட்டிலேயே சாதிக்கு ஒரு கட்டம் போட்டுவிடலாமா? இதில் எங்களுக்குள்ளேயே கடும் விவாதம் நடந்தது. எண்ணப்படாதவருக்கு நிதியும் வராது, தடுப்பூசியும் வராது என்றார்கள் சிலர். "அந்தச் சீட்டைப் பார்த்து நாடி பிடிக்கவே தயங்கினால்? 'காய்ச்சல் சேரியிலிருந்துதான் பரவுகிறது' என்று ஊர் பேசினால்?" என்றார்கள் மற்றவர்கள். இரண்டாவது அச்சத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தொற்று என்ற சொல்லுக்கு முன்பே நம்மைத் தொடாமல் இருக்கப் பழகிய சமூகம் இது.

விவாதத்தின் முடிவில் நாங்கள் வந்து நின்ற இடம் இதுதான். நோயாளியின் சீட்டில் சாதி வேண்டாம். அதற்குப் பதிலாக, காலனி மக்கள் அதிகம் வரும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சளி மாதிரி எடுக்கட்டும். தூய்மைப் பணியாளர்களைத் தனிக் கண்காணிப்புக் குழுவாகச் சேர்த்து, காய்ச்சல் நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கட்டும். விடுப்பு இல்லாமல் எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வருபவர்கள், "இந்த வாரம் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் உண்டா?" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்கட்டும். பருவந்தோறும் பெயர் இல்லாத மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி, சாதிவாரி முடிவை மட்டும் வெளியிடட்டும்.

மாணவத் தோழர்கள் இதை நாளையே தொடங்கலாம். உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த நிலையங்களில் மாதிரி எடுக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கிராம சபையில், செவிலியர் காலனிக்கு வரும் நேரத்தை மாலைக்கு மாற்றச் சொல்லித் தீர்மானம் கொண்டு வாருங்கள். நாங்களும் எங்கள் பாடசாலையில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். அதில் பெயர் இல்லை, சாதி இல்லை. வாரம், தெரு, காய்ச்சல் கண்ட வீடுகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில் அதை எடுத்துக்கொண்டு மாவட்ட சுகாதார அலுவலரைப் பார்க்கப் போகிறோம்.