ஒரே தெருவில் மூன்று திருச்சபைகள்

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 24 அடி, 3,645 மில்லியன் கனஅடி என்பது சென்னைக்காரர்களுக்கு மழைக்காலச் செய்தி. எங்களுக்கோ அது கரைமேல் ஏறியதும் முகத்தில் அடிக்கும் ஈரக்காற்று. மதகு திறந்ததும் கால்வாயில் துள்ளும் கெண்டை. அடுத்த போகத்து நெல். பெங்களூர் நெடுஞ்சாலை இவ்வளவு அகலமாகாத 1980-களில் அந்த ஊரில் வளர்ந்தேன். எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் மிகச் சிலவே. அந்தச் சில வீடுகளிலும் ஒரே இயேசுவிடம் மூன்று விதமாக ஜெபித்தோம்.

நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஞாயிறு காலை பஸ் பிடித்துப் பூந்தமல்லிக்கு ஆராதனைக்குப் போவோம். எதிர்வீட்டுப் பெரியம்மா கத்தோலிக்கர். விளக்கு வைக்கும் நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடந்தே போய்வருவார். கடைசி வீட்டு அத்தை பெந்தெகொஸ்தே. வெள்ளைச் சேலைதான் உடுத்துவார், குன்றிமணி நகையும் போடமாட்டார், காய்ச்சல் என்றாலும் மாத்திரை தொடமாட்டார். அவருடைய சபையின் தலைமையகம் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் இருந்தது.

அத்தையின் மகன் ஞானஸ்நானம் எடுத்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. வயல்வெளிப் பம்புசெட் தொட்டி. அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இயேசுவைத் தன் இரட்சகராக ஏற்பதாக எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு முங்கி எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் ஆயாவைக் கேட்டேன்: "எனக்குக் கைக்குழந்தையிலேயே தண்ணி தெளிச்சிட்டீங்களே, அது எப்படி என்னோட விசுவாசம் ஆகும்?"

ஆயா கோபப்படவில்லை. "உனக்காக நாங்க வாக்குக் குடுத்தோம் கண்ணு. அது உன் வாக்கா ஆவணும்னா நீதான் யோசிக்கணும்" என்றார்.

திடப்படுத்தல் வகுப்பில் அதே கேள்வியை ஆயரிடம் வைத்தேன். அவர் அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னார். பவுலே வந்து பிரசங்கித்தும், பெரோயா ஊரார் அதை அப்படியே விழுங்காமல் வேதத்தோடு தினமும் ஒத்துப் பார்த்தார்கள். அதற்காகவே வேதம் அவர்களைப் பாராட்டுகிறது. ஆராய்ந்து பார்ப்பதும் பக்திதான் என்ற தைரியம் எனக்கு அன்று வந்தது. எங்கள் பக்கத்துத் திருமழிசையில் பிறந்த ஆழ்வாரும் சமணம், பௌத்தம், சைவம் எல்லாம் கற்றுத் தேர்ந்த பிறகே திருமாலிடம் வந்தார் என்பது வைணவ மரபு. ஊர்ப் பள்ளியில் அதைக் கேட்டபோது, அவர் அந்நியராகத் தெரியவில்லை.

பிறகு பெரியம்மாவிடம் போனேன். மாதாவை ஏன் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "கும்பிடல சாமி. எனக்காக உம் மகன்கிட்ட வேண்டிக்கோம்மான்னு கேக்கறேன். பரீட்சைக்கு முன்னாடி எனக்காக ஜெபம் பண்ணுன்னு நீ உங்க ஆயாவைக் கேக்கறதில்லையா?" நான் இன்றுவரை ஜெபமாலை சொன்னதில்லை. ஆனால் கத்தோலிக்கர் மரியாளைத் தெய்வமாக்கிவிட்டார்கள் என்று எந்த மேடையில் யார் சொன்னாலும் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

அப்பாவுக்கு டைஃபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அத்தை உபவாசமிருந்து விடிய விடிய எங்கள் வீட்டில் ஜெபித்தார். மருந்து கொடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்தை விலக்கும் அவர் உபதேசம் தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். அவருடைய தேவபக்தியில் பாதி எனக்கு வாய்க்காதா என்றும் ஏங்குகிறேன். இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும்.

எங்கள் சி.எஸ்.ஐ. பிறந்த கதையை வளர்ந்த பிறகு படித்தேன். 1919-இல் தரங்கம்பாடியில் அசரியா பேராயர் உள்ளிட்டோர் கூடித் தொடங்கிய சபை இணைப்புப் பேச்சு, 28 ஆண்டுகள் நீண்டது. ஆயர்களுக்கு யார் அபிஷேகம் செய்வது, பேராயர் தேவையா என்பதெல்லாம் அவர்களுக்கு உயிர்நிலைக் கேள்விகள். 1945-இல் அசரியா இறந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஒன்றானார்கள். அந்த ஒப்பந்தத்தில் என்னைத் தொட்டது ஒரு வாக்குறுதி: மனசாட்சி ஏற்காத ஆராதனை முறையையோ ஊழியரையோ எந்தச் சபை மீதும் திணிப்பதில்லை. இணைப்புக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவர்கள், அந்த இணைப்பைவிட அடுத்தவர் மனசாட்சியைப் பெரிதாக வைத்தார்கள்.

எல்லாச் சபையும் ஒன்றுதான் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் பம்புசெட் தொட்டியில் நின்ற அண்ணனுக்கும், பெசன்ட் நகர்வரை நடந்த பெரியம்மாவுக்கும் அது அவமரியாதை. வேறுபாடுகள் உண்மையானவை, அவற்றுக்காக வாழ்நாளையே கொடுத்திருக்கிறார்கள். ஆகவே இன்றைய பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றே. இன்னொரு சபையைப் பற்றிப் பேசுமுன், அந்தச் சபையில் முழங்காலிடும் ஒருவரிடம் போய் ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டு, அதே கேள்வியை உங்கள் விசுவாசத்திடமும் கேளுங்கள்.