மர்ம நாவலில் ஒரு மரக்காயர்

காதலும் மர்மமும் கலந்த நாவல்களைக் குறைவாக மதிப்பது நம்மிடையே ஒரு பழக்கம். படித்து முடித்ததும் மறந்துவிடத் தக்கவை அவை என்பார்கள். நான் அவ்வாறு எண்ணுவதில்லை. கதைத் தலைவிக்கு என்ன நேர்ந்ததோ என்னும் கவலையோடு நள்ளிரவு வரை ஏடுகளைப் புரட்டும் வாசகர், அந்த நேரத்தில் தம் உள்ளத்தின் கதவுகளையெல்லாம் திறந்து வைத்திருக்கிறார். தத்துவ நூல் நுழையத் தயங்கும் இடத்தில் மர்மக் கதை எளிதாக நுழைந்துவிடுகிறது. ஆகவே அது எதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறது என்று பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏற்காட்டையும் தாண்டி, சேர்வராயன் மலைத்தொடருக்குள் இருக்கிறது எங்கள் மாரமங்கலம். மலைவாழ் மக்களை நாவல்கள் எப்படிக் காட்டுகின்றன என்பதை இங்கிருந்து படிக்கும்போதுதான் தெளிவாகக் காண முடிகிறது. மர்மக் கதை எழுதுவோருக்கு மலை என்றால் மூடுபனி. மூடுபனி என்றால் பாழடைந்த பங்களா. பங்களா என்றால் ஒரு கொலை. கையில் லாந்தருடன் திடீரென்று தோன்றி, இரண்டு சொற்கள் பேசி மறைந்துபோகும் மலைவாசி ஒருவரும் தவறாமல் வருவார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர, அவற்றின் நிழலில் காப்பிச் செடி வளர்க்கும் எங்களுக்கோ மூடுபனி அச்சமூட்டும் பொருளன்று. அது நாளின் ஒரு பொழுது. கோடை மழைக்குப் பின் காப்பிப் பூக்கள் வெண்மையாக மலர்ந்து மணப்பதும், குளிர்காலத்தில் பழுத்த பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பறிப்பதும், காஞ்சியிலிருந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்று மலையாளி இன மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறும் அந்த நாவல்களில் இல்லை. கதாசிரியருக்குத் தேவைப்பட்டது மலையன்று; மலையின் வேடம் மட்டுமே.

இந்தப் பழக்கம் மலையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’வைப் படித்தபோது சிரிக்க முடியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் வாசகர்களை விடிய விடிய விழித்திருக்கச் செய்தவர்கள் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூரார் ஆகியோர். ஆங்கிலேய நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் கதைகள் தமிழ் உடை உடுத்தி உலாவிய காலம் அது. மறைமலையடிகளே 1911இல் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யை ரெயினால்ட்ஸின் கதை ஒன்றைத் தழுவித்தான் எழுதினார். அத்தகைய காலத்துக் கதைகளுள் பெரும் புகழ் பெற்றது ‘மேனகா’. நாடக மேடை ஏறி, 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது.

கதையின் நடு முடிச்சு இதுதான். கணவனின் சகோதரிகள் செய்த சூழ்ச்சியால் மேனகா என்னும் பிராமணப் பெண், நைனா முகம்மது மரக்காயர் என்னும் செல்வரிடம் விற்கப்படுகிறாள். அவருடைய இச்சைக்கு அவள் இரையாகாதபடி காப்பாற்றுகிறவள் அவருடைய மனைவி நூர்ஜஹான்.

நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவரை ஒரு கதாசிரியர் தீயவராகக் காட்டியதில் எனக்கு மனக்குறை இல்லை. நம்மிடையே தீயவர்கள் இல்லையென்று யார் சொல்ல முடியும்? வடுவூரார் ஒருபக்கம் சாய்ந்தவர் என்றும் நான் குற்றம் சாட்டமாட்டேன். சூழ்ச்சியைத் தொடங்குகிறவர்கள் மேனகாவின் புகுந்த வீட்டார்தாம். என் ஏமாற்றம் வேறு. அந்தச் சகோதரிகளின் பொறாமைக்கு ஒரு வீடு இருக்கிறது; அந்த வீட்டுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. அவர்கள் ஏன் அப்படி ஆனார்கள் என்று வாசகர் எண்ணிப் பார்க்க இடமும் இருக்கிறது. மரக்காயருக்கோ இச்சை ஒன்றைத் தவிர மனம் என்று ஒன்று இயங்குவதை நான் காணவில்லை. அவர் ஒரு மனிதராக அன்று, ஓர் ஆபத்தாகவே கதைக்குள் வருகிறார். அவர் மரக்காயர் என்பதே ஆபத்தைக் கூட்டுவதற்குப் போதும் என்று ஆசிரியர் கருதிவிட்டார்.

இங்கேதான் இவ்வகை நாவலின் பலவீனம் வெளிப்படுகிறது. அச்சத்தை இரு வழிகளில் உண்டாக்கலாம். ஒரு மனிதரின் உள்ளத்தைப் படிப்படியாகத் திறந்துகாட்டி, அதன் ஆழத்தில் இருப்பதைக் கண்டு நடுங்க வைப்பது ஒரு வழி. அதற்கு உழைப்பு வேண்டும். வாசகருக்குப் பழக்கமில்லாத ஒருவரை இருட்டில் நிறுத்திவிடுவது மற்றொரு வழி. அதற்கு வாசகரின் அறியாமையே போதும். மூடுபனியும் மலைவாசியும் மரக்காயரும் இந்த இரண்டாம் வழியின் கருவிகள். மரக்காயர் வீடு எதையும் அறியாதவருக்கு அந்தப் பக்கங்கள் திகிலூட்டும். அறிந்தவருக்கோ திகில் வருவதில்லை, வருத்தமே வருகிறது.

மரக்கலம் என்னும் சொல்லோடு இணைத்துப் பொருள் கூறப்படும் பெயர் மரக்காயர். கடலோடி வாணிகம் செய்து, ஈட்டிய பொருளில் தமிழை வளர்த்தவர்கள் அவர்கள். பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கு அவர் துணை நின்றார். அவர் மறைந்த பின் அந்தப் பணியைத் தாங்கியவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயர். ஒரு கதாசிரியர் இதையெல்லாம் நாவலில் எழுதியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் இத்தனை நீளமான வாழ்வுக்குரிய பெயரை எடுத்து ஒரு கொடியவருக்குச் சூட்டும்போது, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்னும் நினைவேனும் வேண்டாமா?

என் மகள் அந்த நாவலைப் படித்துவிட்டு, “அத்தா, மரக்காயர்மாரை அவர் பார்த்ததே இல்லையா?” என்று கேட்டாள். சற்று நேரம் கழித்து, “ஆனால் நூர்ஜஹானைப் பார்த்திருக்கிறார்” என்று அவளே சொன்னாள்.

அவள் சொன்னது நுட்பமான விமர்சனம். அந்நியப் பெண் ஒருத்தியின் மானம் காக்கத் தன் கணவனையே எதிர்த்து நிற்கும் நூர்ஜஹான், அந்த நாவலில் உயிரோடு உலவுகிறாள். எது நியாயம் என்று அவள் தன் உள்ளத்தைக் கேட்கிறாள், கேட்டபடி நடக்கிறாள். இப்படியொரு பெண்ணைப் படைக்கத் தெரிந்த கைக்கு, அவளுடைய கணவனையும் மனிதனாகப் படைக்கத் தெரியாமலா போயிருக்கும்? முயலவில்லை என்பதே என் ஏமாற்றத்தின் சாரம். திறமையில்லாத ஆசிரியரிடம் நாம் ஏமாறுவதில்லை. அவரிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதும் இல்லை.

இதற்கு மாற்று என்ன? இத்தகைய நூல்களை வீட்டுக்குள் விடாமல் தடுப்பதா? அதில் எனக்கு உடன்பாடு இல்லை. தடுக்கப்பட்ட நூல் மறைவில் படிக்கப்படும். மறைவில் படிக்கப்படும் நூலைப் பற்றி மகள் தந்தையிடம் கேள்வி கேட்கமாட்டாள். நம்மவர்கள் காட்டிய வழி அதைவிடச் சிறந்தது. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வந்தது 1879இல். அதற்கு ஆறே ஆண்டுகளுக்குப் பின், 1885இல், இலங்கையில் கண்டியில் பிறந்த சித்தி லெப்பை ‘அஸன்பேயுடைய சரித்திர’த்தை வெளியிட்டார். எகிப்தில் உயர்குடியில் பிறந்து, களவாடப்பட்டு, இந்திய நகரங்களில் வளர்ந்த ஒரு பிள்ளையின் கதை அது. மர்மமும் காதலும் அதில் உண்டு. ஆனால் அங்கே ஒரு முஸ்லிம் இளைஞன் அஞ்சத்தக்க அந்நியனாக இல்லை. வாசகர் கூடவே நடந்து செல்லும் தோழனாக இருக்கிறான்.

1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா? கடமையா?’ எழுதினார். உ. வே. சாமிநாதையரின் முன்னுரை பெற்ற நூல் அது. மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திய ஒரு முஸ்லிம் பெண்மணி, மர்மம் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தம் நூலின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அது இருட்டிலோ மூடுபனியிலோ இல்லை. இரண்டு நியாயங்களுக்கு நடுவே நின்று தவிக்கும் மனித உள்ளத்தில் இருக்கிறது.

ஆகவே நம் பிள்ளைகள் ‘மேனகா’வைப் படிக்கட்டும், அஸன்பேயையும் ஜுனைதா பேகத்தையும் அதனருகில் வைத்துப் படிக்கட்டும். நைனா முகம்மதுவின் வீட்டுக்குள் உண்மையில் என்னதான் நடந்தது, அந்த மனிதரின் தாய் யார், அவர் எப்போது கெட்டார், நூர்ஜஹான் அன்றிரவு எப்படி உறங்கினாள் என்றெல்லாம் கேட்கட்டும். வடுவூரார் எழுதாமல் விட்ட அந்தப் பக்கங்களை அவர்களில் ஒருவர் எழுதும் நாள் வருமானால், அதை நான் விடிய விடியப் படிப்பேன்.