இளவரசிக்கு என்ன வேலை தெரியும்?

பாரிஸ்னு சொன்னதும் ஈஃபில் டவர் முன்னாடி கையை விரிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோதானே ஞாபகம் வருது? எடுத்தாச்சு பாஸ், நானும் எடுத்தாச்சு! எக்ஸ்சேஞ்ச் புரோகிராமில் ஒரு செமஸ்டர் அங்கே இருந்தேன். கடைசி வாரம் பர்ஸ் சுத்தமா காலி. அப்புறம் என்ன, நடராஜா சர்வீஸ்தான்! அப்படி நடந்த ஒரு ரூட்டைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன். மொத்தம் நாலு தெரு. நாலையும் சேர்த்து நடந்தா, நாடு இழந்த ஒரே குடும்பத்தோட கதை கிடைக்கும்.

மதலேன் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்குங்க. பக்கத்திலேயே ரூ துஃபோ. (ரூன்னா தெரு.) அதில் பத்தாம் நம்பர். 1920-களில் இங்கே 'இர்ஃபே' என்று ஒரு ஃபேஷன் ஹவுஸ் இருந்தது. இரினா, ஃபெலிக்ஸ் என்ற ரெண்டு பேரோட முதல் எழுத்துக்களை ஒட்டி வெச்ச பேர். இரினா, ரஷ்யாவின் கடைசி ஜார் இரண்டாம் நிக்கலஸின் தங்கை மகள். கணவர் ஃபெலிக்ஸ் யூசுபோவ், 1916-ல் ரஸ்புடினைக் கொன்ற கோஷ்டியின் முக்கியப் புள்ளி!

1917-ல் புரட்சி வந்தது. 1919-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் ஏறித் தப்பினார்கள். கையில் நகைகள், ரெண்டு ரெம்ப்ராண்ட் ஓவியங்கள். உட்கார்ந்து தின்றால் எத்தனை நாளைக்கு வரும்? 1924-ல் கடையைத் திறந்தார்கள். முதல் ஷோ ரிட்ஸ் ஹோட்டலில். கடை உடைகளை இரினாவே போட்டுக் காட்டினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் காலத்தில் மாடலிங் ஒண்ணும் கெத்தான வேலை இல்லை. 'மானெகென்' என்று பேர். பொம்மைக்கும் அதே பேர்தான்! டிசைனர் துணியைச் சுத்தி ஊசி குத்தி முடிக்கிற வரைக்கும் மணிக்கணக்கா நிக்கணும். கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கணும். கொஞ்ச வருஷம் முன்னாடி வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவங்கதான் இந்த ரஷ்யப் பெண்கள். இப்ப நிக்கிற பக்கம் வந்துட்டாங்க.

கடைக்காரங்களுக்கோ கொண்டாட்டம். இவங்களுக்கு ஃபிரெஞ்சு தெரியும், இங்கிலீஷ் தெரியும், கவுனை எப்படித் தூக்கிப் பிடிச்சு நடக்கணும்னும் தெரியும். எல்லாத்துக்கும் மேலே 'பிரின்சஸ்' என்ற பட்டம்! ஹாலிவுட்டே இதை வெச்சு 1935-ல் 'ராபர்ட்டா'ன்னு படம் எடுத்துச்சு. அதில் பாரிஸ் ஃபேஷன் ஹவுஸில் வேலை பார்க்கிற ஐரீன் டன் நிஜமான ரஷ்ய இளவரசி. ஜிஞ்சர் ராஜர்ஸ் டூப்ளிகேட் சீமாட்டி. டூப்ளிகேட் வருதுன்னாலே சரக்குக்கு மார்க்கெட் இருக்குன்னுதானே அர்த்தம்?

ஆனா பட்டத்துக்குப் பின்னாடி இருந்த நாடு காணாமப் போயிருந்தது. 1921 டிசம்பரில் லெனின் அரசு, வெளியேறியவங்களோட குடியுரிமையை ரத்து செய்தது. அப்படி நாடில்லாமல் போனவங்களுக்காக 1922-ல் 'நான்சென் பாஸ்போர்ட்' வந்தது. இளவரசியோ டாக்ஸி டிரைவரோ, எல்லாருக்கும் அதே பேப்பர்தான்.

துஃபோவிலிருந்து திரும்பினா ரூ காம்பான். 31-ம் நம்பர், ஷனெல். செக்யூரிட்டி நம்ம செருப்பைப் பார்க்கிற பார்வையிலேயே புரிஞ்சிடும்... உள்ளே போக வேண்டாம், வெளியிலிருந்தே கேளுங்க. 1921. கோகோ ஷனெல் ஒரு எம்ப்ராய்டரிக்காரம்மாவோடு பேரம் பேசிட்டிருக்கார். ஒரு பிளவுஸுக்கு 600 ஃபிராங்க். கேட்டுக்கொண்டிருந்த மரியா பாவ்லோவ்னா, 'நான் 450-க்கு செஞ்சு தர்றேன்' என்று சொல்லிவிட்டார். இவரும் ஜாருக்குச் சொந்தம்தான், சித்தப்பா மகள். கையால் எம்ப்ராய்டரி தெரியும். ஆனா அந்த வேலைக்கு மெஷின் வேணும். மெஷினைத் தொட்டதே இல்லை!

என்ன செஞ்சாங்க தெரியுமா? மெஷினை வாங்கி, தொழிலாளிப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து ஓட்டக் கத்துக்கிட்டாங்க. வொர்க்‌ஷாப் ரெக்கார்டையே சீனியரிடமிருந்து காப்பி அடிச்ச மெக்கானிக்கல் ஸ்டூடன்ட் நான். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாவே இருந்தது. 'கித்மிர்' என்ற அவங்க எம்ப்ராய்டரி கம்பெனி 1925 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்குச்சு. சான்றிதழில் இருந்த பேர், 'மிஸ்டர் கித்மிர்'! ஜார் குடும்பத்துக்குக் கிடைச்ச சலுகை இல்லை, வேலைக்குக் கிடைச்சதுன்னு இதைவிட நல்ல ஆதாரம் வேணுமா?

அடுத்து அவென்யூ மத்தின்யோன், 16-ம் நம்பர். மரியாவுக்கு ஒரு தங்கச்சி உண்டு. அப்பாவின் ரெண்டாம் தாரத்து மகள், நதாலி பலேய். நான் இந்த ரூட்டைப் பிடிச்சதே இவங்களுக்காகத்தான். 1905-ல் பாரிஸில் பிறந்து, 1914-ல் குடும்பத்தோடு ரஷ்யா போனவர். 1918 ஜூலையில் கவிதை எழுதுகிற அண்ணனை, 21 வயசுப் பையனை, சுரங்கக் குழியில் தள்ளிக் கொன்னாங்க. டிசம்பரில் நதாலியும் அக்கா ஒருத்தியும் பனியில் எல்லை தாண்டி ஃபின்லாந்து போனாங்க. அப்ப நதாலிக்கு 13 வயசு. அடுத்த மாசம் அப்பாவைச் சுட்டுட்டாங்க.

ஜார் ஆட்சியில் ஜனங்க பட்ட பாட்டை நான் மறக்கச் சொல்லலை. அந்த அரண்மனைச் செலவு யார் வயித்திலிருந்து வந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா 13 வயசுப் பொண்ணு என்ன கணக்கு சொல்லும்?

இந்த 16-ம் நம்பரில்தான் லூசியன் லெலோங்கின் ஃபேஷன் ஹவுஸ் இருந்தது. வேலைக்கு வந்த நதாலி, 1927-ல் முதலாளியையே கல்யாணம் செஞ்சு, அந்த ஹவுஸின் முகமாவே ஆயிட்டார். 'வோக்' பத்திரிகையில் படம் மேல படம். ஹோய்னிங்கன்-ஹூன எடுத்தவற்றைத் தேடிப் பாருங்க. ஒண்ணிலும் பல் தெரியச் சிரிச்ச ஞாபகம் எனக்கில்லை. அந்த போட்டோகிராஃபரும் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து நாட்டைவிட்டு ஓடி வந்தவர்தான். கேமராவுக்கு முன்னாடி ஒரு அகதி, பின்னாடி ஒரு அகதி! பத்திரிகை வாங்கினவங்க பார்த்தது என்னவோ தொப்பியை.

1935-ல் கேத்தரின் ஹெப்பர்னோடு ஹாலிவுட் படம், 1937-ல் டைவர்ஸ், அதே வருஷம் அமெரிக்காவில் மறுமணம். கடைசிக் காலத்தில் பார்வை மங்கி, யாரையும் சந்திக்காம இருந்து, 1981-ல் நியூயார்க்கில் இறந்தார். உலகமே பார்த்த முகம்!

இன்னும் தெம்பு இருந்தா, அரை மணி நேரம் நடந்து ரூ தாருவுக்கு வாங்க. தங்கக் கும்மாச்சிகளோடு 1861-ல் கட்டி முடித்த ரஷ்யத் தேவாலயம். நதாலி - லெலோங் கல்யாணம் இங்கேதான். 1918-ல் பிக்காசோ கல்யாணமும் இங்கேதான்! வாரம் முழுக்கத் தையல் மெஷினிலும் ஷோ ரூமிலும் நின்னவங்க, ஞாயித்துக்கிழமை இந்த வாசலில்தான் ஒருத்தரையொருத்தர் பழைய பட்டம் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டாங்க.

நான் போன அன்னிக்கு உள்ளே பாட்டு ஓடிட்டிருந்தது. வாத்தியம் எதுவும் கிடையாது, வெறும் குரல்தான். ஸ்கார்ஃப் கட்டின ஒரு பாட்டி எரியற மெழுகுவத்தியைச் சரியா நிக்க வைக்கப் பார்த்துட்டிருந்தாங்க. அது சாய்ஞ்சுக்கிட்டே இருந்தது. கேமராவை எடுத்தேன். அவங்க என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. உள்ளே வெச்சுட்டேன்.