இரண்டு பெயர்கள்

மழையை நம்பி விதைத்த கரிசல் ஏமாற்றிய வருஷங்களிலும் தையல் இயந்திரங்களின் ஓசை ஓயாத ஊர், ஓட்டப்பிடாரம் வட்டத்துப் புதியம்புத்தூர். ஆயத்த ஆடைத் தொழிலால் பெயர் பெற்ற அவ்வூரில் என் மாமா நடத்திவரும் தையற்கூடத்துக்கு, எந்த டைலர் எந்த உருப்படியில் எத்தனை தைத்தார் என்று கணக்கிட்டுச் சனிக்கிழமைதோறும் கூலிச் சீட்டு அச்சிடும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் வாரமே மாமா ஒரு சீட்டை நீட்டினார். "மருமகனே, தைச்சவன் பேரு இருக்க வேண்டிய எடத்துல நைட்டின்னு வந்திருக்கே, என்னன்னு பாருப்பா."

டைலர்களின் அட்டவணையிலும் உருப்படிகளின் அட்டவணையிலும் 'பெயர்' என்றே ஒரு பத்தி இருந்தது. இரண்டையும் இணைத்து வினவியபோது மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இரு பெயர்களையும் ஒழுங்காகவே அனுப்பிற்று; ஆனால் பிஎச்பி மொழியில், பத்தியின் பெயரையே திறவுகோலாகக் கொண்டு வரியை எடுக்கும்போது, ஒரே பெயருள்ள இரண்டில் பின்னது முன்னதை மறைத்துவிடும். பிழை விளங்கிற்று. ஆயினும், விடையோடு பத்திகளின் பெயரையும் சேர்த்தனுப்பும் இந்த வழக்கத்தை ஆதியில் யார், என்ன பிரயோஜனம் கருதித் தொடங்கினார்கள் என்ற கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது.

மைஎஸ்கியூஎல் அனுப்பும் விடையில் வரிகளுக்கு முன்னதாகவே ஒவ்வொரு பத்தியின் விருத்தாந்தமும் வந்துவிடுகிறது: வினவலில் நாம் சூட்டிய பெயர், மூல அட்டவணையில் அதற்கிருந்த பெயர், அந்த அட்டவணை எது, மதிப்பு எவ்வகை, நீளம் எவ்வளவு. 20 எழுத்துக்கு என்று நான் வகுத்த பத்தியின் நீளம் 80 என்று வந்தது கண்டு சற்றே திகைத்தேன். எழுத்தொன்றுக்கு 4 பைட்டு வரை கொள்ளும் முறையில் எண்ணப்பட்ட கணக்கு அது. நாம் மூன்றெழுத்தாக எண்ணும் 'பாவாடை' யூனிகோடில் 6 குறியீடுகள், யூடிஎஃப்-8 வடிவில் 18 பைட்டுகள். நீளம் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை அளவுகோல்கள் இருப்பதை, தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

அவ்வழக்கத்தின் மூலத்தைத் தேடிப் பின்னோக்கி நடந்தேன். நிரல்கள் தரவுத்தளத்தோடு பேச உதவும் இடைமுகங்களான, 1997-இல் வந்த ஜேடிபிசியிலும், 1992-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஓடிபிசியிலும் பத்திகளை விவரிக்கச் சொல்லும் கட்டளைகள் இருந்தன. அவற்றுக்கும் மூத்தது ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் உருவான சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தளம். 1976 ஜூனில் அதைப் பற்றிப் பதினால்வர் சேர்ந்து எழுதிய ஆய்வுரையில் (ஆசிரியர் வரிசையில் ஈஸ்வரன் என்ற பெயரைக் கண்டதும் என் மனம் ஒரு கணம் நின்று சென்றது) 'டிஸ்கிரைப்' என்ற கட்டளை வருகிறது. திரைக்கு முன் அமர்ந்த ஒருவர் அந்த நிமிஷத்தில் தோன்றியதைக் கேட்கிறார். அவருக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் நிற்கும் நிரலுக்கோ, அக்கேள்விக்கு எத்தனை பத்திகள், எந்த வகையில் வரும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஆகையால் விடையே தன் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

அதற்கும் ஆறாண்டுகள் முந்தைய, தரவை அட்டவணைகளாக வைக்கும் முறையை முன்வைத்த எட்கர் காட் அவர்களின் 1970 ஜூன் கட்டுரையில்தான் என் பிழையின் மூதாதையைக் கண்டேன். ஓர் உறுப்புக்குள் அடங்கும் இன்னோர் உறுப்பையும் அதன் எண்ணிக்கையையும் குறிக்கும் அட்டவணை ஒன்றை அவர் காட்டுகிறார். அதன் முதலிரண்டு பத்திகளின் தலைப்பும் 'உறுப்பு' என்பதே. சட்டையும் உறுப்பு, அதில் தைத்த காலரும் உறுப்பு என்றால் எது எதற்குள்? பத்திகளின் வரிசையை நினைவில் சுமக்கும் பாரத்தைப் பயனர்மீது ஏற்றலாகாது என்று கருதிய காட், அத்தகைய பத்திகளுக்கு அவை வகிக்கும் பாத்திரத்தால் வேறுபடும் பெயர்களைச் சூட்டச் சொன்னார்.

வினவலைத் திருத்தி ஒன்றுக்கு 'டைலர் பெயர்' என்றும் மற்றதற்கு 'உருப்படி பெயர்' என்றும் சூட்டினேன். அடுத்த சனிக்கிழமை மாமா சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூலி கொடுத்தார்.